கரண்டு போனதும் காணாமல் போன ஐகான்கள்

ஆடி பிறந்துவிட்டால் கம்பம் பள்ளத்தாக்கில் காற்றின் ராஜ்ஜியம்தான். குமுளிப் பக்கத்து மலை இடைவெளி வழியாக இறங்கும் தென்மேற்குப் பருவக்காற்று வாழையைச் சாய்க்கும், திராட்சைப் பந்தலை உலுக்கும், தென்னை மட்டையைக் கொண்டுபோய் மின்கம்பியில் போடும். கரண்டு போகும், வரும், மறுபடி போகும். சின்னமனூரில் எங்கள் தெருவில் ஒரு மாலை, அரை மணி நேரத்துக்குள் நாலு தடவை இப்படி ஆனது. நாலாவது தடவைக்குப் பிறகு கரண்டு நிலைத்து நின்றபோது பக்கத்து வீட்டு அக்கா மாடியிலிருந்து கூப்பிட்டார்.

"தம்பி, கொஞ்சம் வந்து பாருடா. கம்ப்யூட்டர் ஓடுது, ஆனா கீழ மூலையில இருந்ததெல்லாம் காணோம். என் மணியைக் காணோம்டா."

அக்கா வீட்டிலிருந்தே தட்டச்சு வேலை பார்க்கிறவர். மனு, கல்யாணப் பத்திரிகை, காதணி விழா அழைப்பிதழ் எல்லாம் அவர் கையில்தான். மணி என்று அவர் சொன்னது, தமிழில் தட்டச்சு செய்ய உதவும் என்.எச்.எம். ரைட்டரின் ஐகானை. திரையின் வலது கீழ் மூலையில் சின்ன மணி வடிவில் உட்கார்ந்திருக்கும். போய்ப் பார்த்தால் மணி இல்லை. ஸ்பீக்கர் இல்லை, வைஃபை இல்லை, பிரிண்டர் ஐகானும் இல்லை. கடிகாரம் மட்டும் தனியாக நின்றது. இடது பக்கம் பொருத்தி வைத்திருந்த பிரவுசரின் ஐகான் மடித்த வெள்ளைத் தாளாக மாறியிருந்தது. அதற்குள் தெரிந்தவர் ஒருவர் போனில், "விண்டோஸ் அடி வாங்கிருச்சு, ஃபார்மட் போட்டாத்தான் சரியாகும்" என்று சொல்லிவிட்டாராம். மகள் பால்வாடி போன நாளிலிருந்து எடுத்த படமெல்லாம் அந்த டிஸ்கில் இருக்கிறது. அக்காவின் முகம் வாடிப்போயிருந்தது.

நோட்பேடைத் திறக்கச் சொன்னேன். தமிழுக்கு மாற அவர் வழக்கமாகத் தட்டுகிற ஆல்ட் விசையையும் எண்ணையும் சேர்த்துத் தட்டச் சொன்னேன். பிறகு ஆங்கில விசையில் 'அம்மா' என்று அடித்தார். திரையில் அம்மா என்றே தமிழில் வந்தது. மணியைத்தான் காணோம், மணிக்குப் பின்னால் இருக்கும் மென்பொருள் முழு உயிரோடு வேலை செய்துகொண்டிருந்தது.

இந்த ஒன்றை விளங்கிக்கொண்டால் பாதிக் கவலை தீர்ந்தது. ஐகான் வேறு, மென்பொருள் வேறு. போடிநாயக்கனூர் ஏலக்காய் ஏலத்தைப் பார்த்தவர்களுக்கு இதைச் சொல்லவே வேண்டாம். மூட்டை கிடங்கில் இருக்கும். வியாபாரிகள் முன்னால் வருவது சாம்பிள் மட்டும்தான். நிறத்தையும் பருமனையும் பார்த்து, முன்னால் இருக்கும் கணினியில் விலையை அழுத்துவார்கள். சாம்பிள் கை தவறிக் கொட்டிவிட்டால் மூட்டை போய்விட்டது என்று யாரும் அழுவதில்லை, இன்னொரு கைப்பிடி எடுத்து வருவார்கள். டாஸ்க்பாரில் நாம் பார்க்கும் ஐகானும் அந்தச் சாம்பிளைப் போன்றதுதான்.

சரி, சாம்பிளைத் தட்டில் வைப்பது யார்? விண்டோஸில் அந்த வேலைக்கென்றே ஒரு மென்பொருள் இருக்கிறது, பெயர் எக்ஸ்ப்ளோரர். கோப்புறைகளைத் திறந்து காட்டுவதும் அதுதான், டெஸ்க்டாப்பை விரிப்பதும், டாஸ்க்பாரை வரைவதும் அதுதான். 1995 ஆகஸ்ட் 24 அன்று விண்டோஸ் 95 வெளிவந்தபோது ஸ்டார்ட் பொத்தானும் டாஸ்க்பாரும் சேர்ந்தே வந்தன. அன்றிலிருந்து இன்றுவரை டாஸ்க்பார் எக்ஸ்ப்ளோரரின் பொறுப்பு. கணினியின் மற்ற மென்பொருள்களைப் போல இதுவும் ஒரு மென்பொருள்தான் என்பதால் இதுவும் திக்கலாம், விழலாம், எழலாம். அது விழுந்தாலும் நீங்கள் பாதி தட்டிய கடிதம் பத்திரமாக இருக்கும்.

டாஸ்க்பாரில் இருக்கும் ஐகான்கள் எல்லாம் ஒரே சாதி இல்லை. இடது பக்கமோ நடுவிலோ நாம் பொருத்தி வைப்பவை வெறும் குறுக்குவழிகள். மென்பொருள் எங்கே இருக்கிறது என்று சொல்லும் சின்னக் கோப்புகள் ஒரு கோப்புறையில் இருக்கின்றன, அவற்றைப் பார்த்து எக்ஸ்ப்ளோரர் ஐகானை வரைகிறது. வலது மூலையில் கடிகாரத்துக்குப் பக்கத்தில் இருப்பவற்றின் கதை வேறு. ஓடிக்கொண்டிருக்கும் ஒவ்வொரு மென்பொருளும் எக்ஸ்ப்ளோரரிடம் போய், "இந்தப் படத்தை மூலையில் வை, யாராவது தொட்டால் எனக்குச் சொல்" என்று விண்ணப்பம் கொடுக்கிறது. எக்ஸ்ப்ளோரர் ஏற்றுக்கொண்டு வைக்கிறது. விண்ணப்பம் போய்ச் சேராவிட்டால் படம் கிடையாது.

அது எப்போது போய்ச் சேராமல் போகும்? கணினி துவங்கும் நேரத்தில்தான் அதிகம். பழைய கணினிகளில் இருப்பது சுழலும் ஹார்ட் டிஸ்க். துவக்கத்தில் இருபது முப்பது மென்பொருள்கள் ஒரே நேரத்தில் அதில் படிக்க முண்டியடிக்கும். திடீரென்று கரண்டு போய் வந்த பிறகு டிஸ்க்கைச் சரிபார்க்கும் வேலையும் சேர்ந்துகொள்ளலாம். எக்ஸ்ப்ளோரர் அந்த நெரிசலில் மூச்சுவிட முடியாமல் இருக்கும்போது மணி மென்பொருள் வந்து விண்ணப்பத்தை நீட்டுகிறது. சில நொடிகள் பார்த்துவிட்டுப் பதில் வராவிட்டால் விண்ணப்பம் தள்ளுபடி. ஒழுங்காக எழுதப்பட்ட மென்பொருள் கொஞ்சம் பொறுத்து மறுபடி கேட்கும். சோம்பலாக எழுதப்பட்டது ஒரு தடவை கேட்டதோடு நிறுத்திவிட்டு ஐகான் இல்லாமலேயே ஓடும்.

இதே குறை இன்னொரு இடத்திலும் வெளிப்படும். எக்ஸ்ப்ளோரர் விழுந்து எழுந்தால் மூலை காலியாகத்தான் தொடங்கும். அதனால் எழுந்ததும் அது எல்லா மென்பொருள்களுக்கும் தண்டோரா போடுகிறது: டாஸ்க்பார் புதிதாகப் பிறந்துவிட்டது, வந்து பதிந்துகொள்ளுங்கள் என்று. 'டாஸ்க்பார் கிரியேட்டட்' என்பதுதான் அந்தச் செய்தியின் பெயர். அதைக் காதில் வாங்கும்படி எழுதப்பட்ட மென்பொருள்கள் உடனே வந்து ஐகானை வைத்துவிடும். காதில் வாங்காதவை அப்படியே காணாமல் போனதாகத் தோன்றும். அவற்றை ஒரு தடவை மூடித் திறந்தால் போதும். மென்பொருள் எழுதப் படிக்கும் தேனி மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை: மூலையில் ஐகான் வைக்கிற எதை எழுதினாலும் அந்தத் தண்டோராவைக் கேட்கும் நாலு வரியைச் சேர்த்து எழுதுங்கள். எங்கோ ஒரு வீட்டில் ஒருவர் பதறாமல் இருப்பார்.

வெள்ளைத் தாளாக மாறிய பிரவுசர் ஐகானுக்குக் காரணம் வேறு. ஒவ்வொரு தடவையும் மென்பொருள் கோப்பைத் திறந்து படத்தைத் தோண்டி எடுத்தால் நேரம் பிடிக்கும். அதனால் ஒரு தடவை எடுத்த படத்தை எக்ஸ்ப்ளோரர் தனிக் கோப்புகளில் சேர்த்து வைத்துக்கொள்கிறது. ஐகான் கேஷ் என்பார்கள். மளிகைக் கடையில் தினமும் போகிற சரக்கைக் கிடங்கிலிருந்து எடுத்துவந்து கல்லாப் பக்கத்தில் அடுக்கி வைப்பது போன்ற ஏற்பாடு. விண்டோஸ் 8 முதல் இந்தக் கோப்புகள் அளவு வாரியாக, 16 புள்ளிக்கு ஒன்று, 32 புள்ளிக்கு ஒன்று, 256 புள்ளிக்கு ஒன்று என்று தனித்தனியாக இருக்கின்றன. இதில் ஒன்று கெட்டால் ஐகான் வெள்ளைத் தாளாகும், அல்லது வேறு மென்பொருளின் படம் வந்து உட்காரும். மூலப் படம் மென்பொருள் கோப்புக்குள் அப்படியேதான் இருக்கும்.

கேஷ் ஏன் கெடுகிறது? இங்கேதான் கரண்டு வருகிறது.

கணினி ஒரு கோப்பில் எழுதுகிறேன் என்று சொன்னால் அந்த நொடியே டிஸ்கில் பதிந்துவிட்டது என்று பொருள் இல்லை. முதலில் நினைவகத்தில் வைத்துக்கொண்டு, சில நொடிகள் கழித்துச் சேர்த்து எழுதும். டிஸ்க்குக்கு உள்ளேயும் ஒரு சின்ன நினைவகம் உண்டு, அங்கேயும் கொஞ்சம் தங்கும். இந்த இடைவெளியில் கரண்டு போனால் பாதி எழுதிய கோப்பு பாதியாகவே நிற்கும். இதைச் சமாளிக்க விண்டோஸ் பயன்படுத்தும் என்.டி.எஃப்.எஸ். கோப்பு முறை, நம் ஊர்க் கணக்குப்பிள்ளைகள் செய்ததையே செய்கிறது. சிட்டையில் எழுதிவிட்டுத்தான் பேரேட்டில் ஏற்றும். நடுவில் கரண்டு போனாலும், திரும்பி வந்ததும் சிட்டையைப் பார்த்துப் பேரேட்டை நேர்செய்துகொள்ளும். ஆனால் சிட்டையில் ஏறுவது கோப்பின் பெயர், இடம், அளவு போன்ற விவரங்கள் மட்டும்தான். கோப்புக்குள் இருக்கும் சரக்கு சிட்டையில் ஏறாது. அதனால் கேஷ் கோப்பு இருக்கும், அளவும் சரியாக இருக்கும், உள்ளே சில இடங்களில் குப்பையோ வெறும் பூஜ்ஜியமோ இருக்கும்.

மின்சாரத்துக்குப் பேர்போன பள்ளத்தாக்கு இது. முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர் மலையைத் துளைத்து வந்து லோயர் கேம்பில் டர்பைனைச் சுழற்றுகிறது. சுருளியாற்றில் இன்னொரு நீர்மின் நிலையம். ஆண்டிபட்டிப் பக்கம் போனால் வரிசையாகக் காற்றாலைகள். ஆனாலும் வீட்டுக்கு வருகிற கம்பி தோப்புகளுக்கு நடுவே காற்றில் ஆடிக்கொண்டுதான் வருகிறது. மாதாந்திரப் பராமரிப்புக்காகப் பகல் முழுக்க நிறுத்துவதை நாளிதழில் முன்கூட்டியே அறிவித்துவிடுவார்கள், அதற்கு நாம் தயாராக இருக்கலாம். கணினிக்கு எதிரி அதுவல்ல, கண் சிமிட்டும் நேரம் போய் வருகிற கரண்டுதான்.

நம் வீட்டு மின்சாரம் நொடிக்கு 50 சுற்று. ஒரு சுற்றுக்கு 20 மில்லிசெகண்ட். கணினிக்குள் இருக்கும் பவர் சப்ளையில் ஒரு பெரிய கெப்பாசிட்டர் உண்டு. 230 வோல்ட் மாறுமின்சாரத்தை நேர்மின்சாரமாக்கி, 325 வோல்ட் அளவுக்கு அதில் நிரப்பி வைத்திருக்கும். கரண்டு நின்றால் கணினி உயிரோடு இருப்பது இந்தச் சேமிப்பில்தான். அது எவ்வளவு நேரம் தாங்கும் தெரியுமா? மேசைக் கணினிகளுக்கான பொது வரையறை கேட்பது ஏறத்தாழ 16 மில்லிசெகண்ட். ஒரு முழுச் சுற்றுகூடக் கிடையாது.

"வீட்டில்தான் இன்வெர்ட்டர் இருக்கே, ஃபேன் நிக்கலை, லைட்டு நிக்கலை, கம்ப்யூட்டர் மட்டும் ஏன் அணைஞ்சு எரியுது?" என்று அக்கா கேட்டார். நியாயமான கேள்வி. இன்வெர்ட்டர், கரண்டு போனதைக் கண்டுபிடித்து, ரிலேயைத் தட்டி, பேட்டரிக்கு மாற ஒரு சிறு நேரம் எடுக்கிறது. ஃபேன் இறக்கை சுழலும் வேகத்தில் அந்த இடைவெளி தெரியாது. கணினிக்குத் தெரியும். பெரும்பாலான வீட்டு இன்வெர்ட்டர்களின் பின்பக்கம் ஒரு சின்ன ஸ்விட்ச் இருக்கும். ஒரு பக்கம் நார்மல் அல்லது எகோ, மறு பக்கம் யு.பி.எஸ். நார்மலில் இருந்தால் வோல்டேஜ் நன்றாகத் தாழ்ந்தாலும் பொறுத்துக்கொள்ளும், மாறுவதற்குப் பத்துக் கணக்கில் மில்லிசெகண்ட் எடுக்கும். 16-ஐத் தாண்டினால் கணினி அணைந்துவிடும். யு.பி.எஸ். பக்கம் தள்ளினால் சுமார் 10 மில்லிசெகண்டுக்குள் மாறிவிடும். வோல்டேஜ் 180-க்குக் கீழே இறங்கினாலே பேட்டரிக்குத் தாவிவிடும் என்பதால் பேட்டரி கொஞ்சம் அதிகம் செலவாகும், அவ்வளவுதான். அக்கா வீட்டு இன்வெர்ட்டரைத் திருப்பிப் பார்த்தோம். வாங்கிய நாளிலிருந்து நார்மலில்தான் இருந்திருக்கிறது.

மடிக்கணினி வைத்திருப்பவர்கள் தங்களுக்கு இந்தத் தொல்லை இல்லை என்று நினைப்பார்கள். 2011 செப்டம்பர் 15 அன்று தமிழக அரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வந்த கருவிகள் இந்தப் பள்ளத்தாக்கில் பல வீடுகளில் இன்னும் ஓடுகின்றன. அன்று பிளஸ் டூ படித்தவர்களின் பிள்ளைகள் இன்று அதில் பாடம் பார்க்கிறார்கள். அவற்றில் பலவற்றுக்குப் பேட்டரி எப்போதோ போய்விட்டது. சார்ஜரை மாட்டியபடியே ஓட்டுகிறார்கள். பேட்டரி செத்த மடிக்கணினிக்கும் சாதாரண மேசைக் கணினிக்கும் இந்த விஷயத்தில் வித்தியாசமே இல்லை. கரண்டு சிமிட்டினால் அதுவும் அணையும்.

இனி சரிசெய்வதற்கு வருவோம். முதலில் வலது மூலையில் மேல்நோக்கிய அம்புக்குறியைத் தட்டிப் பாருங்கள். பல நேரம் ஐகான் அதற்குள் ஒளிந்திருக்கும், வெளியே இழுத்துப் போட்டால் நிற்கும். டாஸ்க்பாரின் வெற்றிடத்தில் வலது சொடுக்குப் போட்டு டாஸ்க்பார் செட்டிங்ஸ் போனால் எதைக் காட்ட வேண்டும், எதை மறைக்க வேண்டும் என்ற பட்டியல் இருக்கும். விண்டோஸ் 10-இல் இன்னொரு பொறி உண்டு. டேப்லெட் மோட் என்பதைப் பிள்ளைகள் தெரியாமல் தட்டிவிட்டால் டாஸ்க்பாரில் பொருத்திய ஐகான்கள் எல்லாம் ஒட்டுமொத்தமாக மறைந்துவிடும். அதை அணைத்தால் திரும்பிவிடும்.

இதில் சரியாகாவிட்டால் எக்ஸ்ப்ளோரரை மட்டும் மறுபடி துவக்க வேண்டும். கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். பட்டியலில் விண்டோஸ் எக்ஸ்ப்ளோரரைத் தேடி, வலது சொடுக்கில் ரீஸ்டார்ட் கொடுங்கள். அக்கா வீட்டில் அதைத்தான் செய்தோம். டாஸ்க்பார் மறைந்தது. திரை ஒரு கணம் வெறும் படமாக நின்றது. அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு கீழே பட்டை வந்தது, கடிகாரம் வந்தது, ஸ்பீக்கர், வைஃபை, கடைசியாக மணி. பிரிண்டர் ஐகான் மட்டும் வரவில்லை. தண்டோராவைக் காதில் வாங்காத மென்பொருள் அதுதான். அதைத் தனியாக ஒரு தடவை திறந்ததும் வந்து உட்கார்ந்துகொண்டது.

வெள்ளைத் தாளுக்குக் கேஷைக் கழிக்க வேண்டும். உங்கள் பயனர் கோப்புறைக்குள் ஆப் டேட்டா, லோக்கல், மைக்ரோசாஃப்ட், விண்டோஸ், எக்ஸ்ப்ளோரர் என்று வரிசையாக உள்ளே போனால் ஐகான்கேஷ் என்று தொடங்கும் கோப்புகள் இருக்கும். ஆப் டேட்டா மறைவாக இருக்கும், மறைந்தவற்றைக் காட்டு என்று முதலில் சொல்லிக்கொள்ளுங்கள். ஐகான்கேஷ் கோப்புகளை மட்டும் அழித்துவிட்டு எக்ஸ்ப்ளோரரை மறுபடி துவக்கினால் அது புதிதாகத் தொகுத்துக்கொள்ளும். சில கோப்புகள் அழிய மறுத்தால் எக்ஸ்ப்ளோரர் அவற்றைப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். டாஸ்க் மேனேஜரில் எக்ஸ்ப்ளோரரை நிறுத்திவிட்டு, அங்கேயே புதிய டாஸ்க் மூலம் கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து அழிக்கலாம். பிறகு அதே இடத்தில் எக்ஸ்ப்ளோரர் என்று தட்டினால் பட்டை திரும்பும்.

அதற்கும் மசியாவிட்டால் விண்டோஸின் சொந்தக் கோப்புகளில் ஏதாவது அடிபட்டிருக்கலாம். நிர்வாகி உரிமையோடு கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து எஸ்.எஃப்.சி. என்று தட்டி, ஓர் இடைவெளி விட்டு, சாய்கோடு போட்டு, ஸ்கேன்நவ் என்று தட்டினால் ஒவ்வொரு கோப்பையும் மூலப் பிரதியோடு ஒப்பிட்டுக் கெட்டதை மாற்றும். பழைய டிஸ்கில் நேரமாகும், கரண்டு நிலையாக இருக்கும்போது செய்யுங்கள். இன்னொரு நல்ல சோதனையும் உண்டு. கணினியில் புதிதாக ஒரு பயனர் கணக்கை உருவாக்கி அதில் நுழைந்து பாருங்கள். அங்கே எல்லா ஐகானும் சரியாகத் தெரிந்தால் கோளாறு உங்கள் பழைய கணக்கின் அமைப்புகளில் மட்டும்தான், விண்டோஸ் நலமாக இருக்கிறது.

ஓர் ஐகானை மட்டும் லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆன்டிவைரஸின் கேடயம் காணாமல் போனால் உடனே ஸ்டார்ட் மெனு வழியாக அதைத் திறந்து, வேலை செய்கிறதா என்று பாருங்கள். சில தீய நிரல்கள் முதலில் கை வைப்பது அதன் மேல்தான். ஐகானைச் சரிசெய்கிறேன் என்று இணையத்தில் விளம்பரம் போட்டு வருகிற இலவச மென்பொருள்களையும் இறக்காதீர்கள். மேலே சொன்னவை எல்லாம் விண்டோஸுக்குள்ளேயே இருக்கின்றன, காசு எதுவும் வேண்டாம்.

ஃபார்மட் என்ற சொல்லை இவ்வளவு எளிதாகச் சொல்கிறார்களே என்பதுதான் என் மனக்குறை. எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் இதே போன்ற சின்னக் கோளாறுக்குக் கணினியைக் கடையில் கொடுத்தது. திரும்பி வந்தபோது ஐகான்கள் எல்லாம் பளிச்சென்று இருந்தன. இறந்துபோன தாத்தாவின் குரல் பதிவு இருந்த கோப்புறை இல்லை. யாரும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை, கேட்காமல் செய்துவிட்டார்கள். எப்படிப் பார்த்தாலும், காணாமல் போன ஐகானுக்கு ஃபார்மட் மருந்தே அல்ல. எக்ஸ்ப்ளோரரை மறுபடி துவக்க அரை நிமிடம் போதும்.

அதனால் இதைப் படிக்கிறவர்கள் இன்றே இரண்டு காரியம் செய்துவிடுங்கள். இன்வெர்ட்டரின் பின்னால் இருக்கும் ஸ்விட்ச் எந்தப் பக்கம் இருக்கிறது என்று பாருங்கள். கணினியைக் கடைக்குத் தூக்கும் முன் படங்களும் ஆவணங்களும் இருக்கும் கோப்புறைகளை ஒரு பென்டிரைவில் நகல் எடுத்துக்கொண்டு, "என்னைக் கேட்காமல் ஃபார்மட் போடாதீங்க" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டுக் கொடுங்கள்.